நத்தைக்குப் புரியவில்லை

செப்டம்பர் 8, திங்கள்

அத்தை தூங்கிவிட்டாள். போர்வைக்குள் டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு எழுதுகிறேன். எழுத்து கோணலாகப் போனால் அது என் பல்லின் குற்றம்.

யாரிடமும் சொல்ல முடியாததை இங்கேயாவது சொல்ல வேண்டும். சொல்கிறேன். எனக்கு விகிதம் புரியவில்லை.

வெளியே சொன்னால் சிரிப்பார்கள். விகிதப் பாடத்தை எழுதியதே என் அத்தைதான். இணையத்தில் பொதுப் பாடநூல் என்று ஒன்று இருக்கிறது. பல பள்ளிகளின் ஆசிரியர்கள் சேர்ந்து எழுதுவது. விலை கிடையாது. யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், மாற்றலாம், அச்சடிக்கலாம். எழுதியவர்கள் பெயரை மட்டும் விடாமல் போட வேண்டும். அதில் எங்கள் வகுப்புக் கணக்குக்கு விகிதப் பாடம் அத்தையுடையது. விடுமுறை முழுக்க உட்கார்ந்து எழுதினாள். அம்மா காய் நறுக்கக் கூப்பிட்டால் "அண்ணி, ஒரே ஒரு பத்தி" என்பாள். அந்தப் பத்தி முடிவதற்குள் நாங்கள் சாப்பிட்டுக் கை கழுவியிருப்போம்.

இன்று அதை எங்கள் வகுப்பில் நடத்தினாள். வீட்டில் அத்தை, பள்ளியில் டீச்சர். முடித்துவிட்டு, கையில் ஒட்டிய சாக்பீஸ் தூளைத் தட்டிக்கொண்டே "புரிஞ்சுதா?" என்றாள்.

"புரிஞ்சுது டீச்சர்!"

கூரை பிய்ந்து போகிற மாதிரி ஒரு சத்தம். அதில் பாதி கொசுவினுடையது. என் பக்கத்தில் உட்காருகிறவள். ஆள் சின்னது, சத்தம் பெரியது, அதனால் கொசு. மணி அடித்ததும் என் காதில் சொன்னாள்: "ஒரு மண்ணும் புரியல. உனக்கென்னடி, வீட்டுல போய்க் கேட்டுக்குவ."

வீட்டில் எப்படிக் கேட்பேன்? சாயங்காலம் பாட்டு முணுமுணுத்துக்கொண்டே வீட்டுக்குள் வந்தாள் அத்தை. அந்த முகத்தைப் பார்த்து எப்படிக் கேட்பேன்?

வகுப்பிலும் முடியாது. போன வருடம் கை தூக்கி எழுந்து, "அத்தை, எனக்கு ஒரு டவுட்" என்று சொல்லித் தொலைத்தேன். டீச்சர் என்று சொல்லவேண்டிய இடத்தில் அத்தை! வகுப்பே உருண்டு புரண்டு சிரித்தது. கழிவறைச் சுவரில்கூட எழுதிவைத்தார்கள். அன்றைக்கு மூடிய வாய்தான்.

அத்தை இருமுகிறாள். டார்ச்சை அணைக்கிறேன்.


செப்டம்பர் 10, புதன்

ஐயோ. ஒன்று செய்துவிட்டேன்.

பள்ளி விட்டதும் நான் அப்பாவின் ஜெராக்ஸ் கடைக்குத்தான் போவேன். அம்மா மருந்துக்கடை வேலை முடிந்து வந்து கூட்டிக்கொண்டு போகும்வரை மூலையில் இருக்கும் பழைய கம்ப்யூட்டர் எனக்கு. இன்று வீட்டுப்பாடத்துக்காக அத்தையின் பாடத்தைத் திறந்தேன். அடியில் ஒரு பொத்தான், 'இந்தப் பாடத்தைப் பற்றிச் சொல்ல'. தினமும் பார்த்ததுதான். இன்று விரல் போய் அதில் உட்கார்ந்தது.

பெயர் கேட்டது. 'நத்தை' என்று போட்டேன். தொட்டால் தலையை உள்ளே இழுத்துக்கொள்கிற வேறு எதுவும் ஞாபகம் வரவில்லை.

எழுதியது இவ்வளவுதான்: "இந்தப் பாடம் எங்களுக்குப் புரியவில்லை. ஆனால் புரிந்தது என்று சொல்லிவிட்டோம்."

அனுப்பியதும் அழிக்கத் தேடினேன். அழிக்க முடியாதாம். யார் என்ன சொன்னார்கள் என்பது எல்லோரும் பார்க்கும்படி அங்கேயே இருக்குமாம். அதுதான் அங்கே முறையாம்.

நல்ல முறை!


செப்டம்பர் 11, வியாழன்

சாப்பாட்டுத் தட்டின் முன்னால் அத்தை போனைத் தூக்கிப் பிடித்தாள்.

"அண்ணா, இதைக் கேளேன். யாரோ நத்தையாம். புரியலையாம்!"

அப்பாவுக்கு இது போதாதா. "அத்தைக்கும் நத்தைக்கும் சண்டையா? நான் நத்தை கட்சி."

"மொட்டையா புரியலன்னா என்ன அர்த்தம்? எங்க புரியலன்னு சொல்ல வேண்டாமா?"

"நத்தைதானே, மெதுவா வந்து சொல்லும். நீ முதல்ல சாப்பிடு" என்றாள் அம்மா.

எனக்குப் புரையேறியது. என் முதுகில் தட்டிவிட்டது யார் தெரியுமா? அத்தைதான்.

அவள் பதில் எழுதியிருக்கிறாள். கடையில் பார்க்கத் தேவையே இல்லை, எங்களுக்கே படித்துக் காட்டினாள்: "எந்த வரியில் புரியாமல் போகிறது?"

பயமாக இருக்கிறது. ஆனால், இதையும் எழுதிவிடுகிறேன், கொஞ்சம் ஜாலியாகவும் இருக்கிறது.


செப்டம்பர் 12, வெள்ளி

எந்த வரி? எனக்கே தெரியவில்லையே.


செப்டம்பர் 14, ஞாயிறு

தெரிந்துவிட்டது!!!

மத்தியானம் எல்லோரும் படுத்திருந்தார்கள். நான் மல்லாந்து சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எங்கள் அறையில், அதாவது எனக்கும் அத்தைக்கும் பொதுவான இந்த அறையில், இரண்டு சுவர் ஒரு நீலம், மற்ற இரண்டு சுவர் இன்னும் கொஞ்சம் அடர்ந்த நீலம். மூலையில் இரண்டும் சந்திக்கிற இடத்தில் நன்றாகத் தெரியும். அப்பாவின் கைவண்ணம். "ஆள் எதுக்கு, நானே அடிச்சுடறேன்" என்று லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கியவர்.

முதல் நாள் ஒரு டப்பா நீலமும் மூன்று டப்பா வெள்ளையும் கலந்தார். பாதி அறையில் தீர்ந்துபோனது. மறுநாள் கொஞ்சம் கூடுதலாகக் கலக்கலாம் என்று இரண்டிலும் ஒவ்வொரு டப்பா கூட்டினார். இரண்டு நீலம், நாலு வெள்ளை. காய்ந்த பிறகு அம்மா வந்து பார்த்து, "இது என்ன, காலையில ஒரு வானம், சாயங்காலம் ஒரு வானமா?" என்றாள். அப்பா இன்றைக்கும் பெயிண்ட் கம்பெனியைத்தான் திட்டுகிறார். "சமமாத்தானே கூட்டினேன்!"

சமமாகத்தான் கூட்டினார். நானும் வீட்டுப்பாடத்தில் அதைத்தான் செய்தேன்! ஒன்றுக்கு மூன்று என்றால் இரண்டுக்கு நாலு என்று எழுதிச் சிவப்புப் பேனாவில் பெருக்கல் குறி வாங்கினேன். இரண்டு டப்பா நீலத்துக்கு ஆறு டப்பா வெள்ளை வேண்டும். ஒரு டப்பா நீலம் தன் கூட மூன்று வெள்ளையைக் கூட்டிக்கொண்டு வருகிறது, இன்னொரு நீலம் வந்தால் அதுவும் தன் மூன்றைக் கூட்டிக்கொண்டுதானே வரும்?

அத்தையின் பாடத்தில் 'ஒரே எண்ணால் பெருக்க வேண்டும்' என்று இருக்கிறது. கூட்டினால் ஏன் ஆகாது என்று ஒரு வரிகூட இல்லை. அந்த வரிதான். இல்லாத வரியில்தான் நான் விழுந்திருக்கிறேன்!

தலையணையில் முகத்தை அமுக்கிக்கொண்டு சிரித்தேன். அத்தை கண்ணைத் திறக்காமலே, "என்னடி, எலி பூந்துடுச்சா?" என்றாள்.


செப்டம்பர் 15, திங்கள்

கொசுவிடம் சொல்லிவிட்டேன். வேறு வழியில்லை. புரிகிறதா என்று புரியாத ஒரு ஆளிடம்தானே சோதிக்க முடியும்?

கடைக்குக் கூட்டிவந்தேன். எழுதியதைப் படிக்க வைத்தேன். 'ஒரு அப்பா ஓர் அறைக்கு நீலம் அடித்தார்' என்று தொடங்குகிறது. கடைசிவரை உதட்டை அசைத்து அசைத்துப் படித்தாள். பிறகு மேஜையைத் தட்டினாள்.

"அட! உங்கப்பா சமமா கூட்டினாரு, ஆனா சமமா ஆகல!"

"கத்தாதடி! அங்கதான் நிக்கிறார்."

"இதைப் போய் டீச்சர் ரெண்டு பக்கத்துக்குச் சுத்தியிருக்காங்க?"

கோபம் வந்தது எனக்கு. அத்தையை நான் சொல்லலாம், இவள் யார் சொல்ல? "மீதியெல்லாம் அவங்க சரியாத்தான் எழுதியிருக்காங்க" என்றேன். உண்மையும் அதுதான். சுவர் புரிந்த பிறகு திரும்பப் படித்தால் அத்தையின் பாடம் தண்ணீர் மாதிரி ஓடுகிறது.

அனுப்பிவிட்டோம். கொசு அவள் அம்மாவின் எலுமிச்சை ஜூஸ் கணக்கு ஒன்றும் சேர்த்தாள். டம்ளருக்கு மூன்று ஸ்பூன் சர்க்கரை போட்ட ஜூஸில், விருந்தாளி வந்ததும் ஒரு டம்ளர் தண்ணீரும் ஒரே ஒரு ஸ்பூன் சர்க்கரையும் கூட்டி, வந்தவர்கள் முகம் போன கதை. அவள் பெயர் அங்கே 'கொசு' இல்லை. 'புலி'யாம்.


செப்டம்பர் 17, புதன்

நான் என்ன பண்ணிவெச்சிருக்கேன்.

சாப்பிடும்போது அத்தை சத்தமில்லாமல் போனைப் படித்துக்கொண்டிருந்தாள். முதலில் சிரித்தாள். "பாவம், யார் வீட்டு அப்பாவோ" என்றாள். அப்பா எட்டிப் பார்த்து, "யாரோ என்னை மாதிரி அறிவாளி" என்றார். அவ்வளவுதான், இரண்டு பேருக்கும் அதற்கு மேல் தோன்றவில்லை! அறைக்குள் போய்ச் சுவரைப் பார்த்தால் போதும். தினமும் பார்ப்பதால் யாரும் பார்ப்பதே இல்லை போலிருக்கிறது.

பிறகு அத்தையின் சிரிப்பு நின்றுவிட்டது.

"இத்தனை வருஷமா நடத்துறேன் அண்ணி. பிள்ளைங்க கூட்டிடுவாங்கன்னு தெரியும். சிவப்பு மையில அடிச்சுத் திருத்துவேன். ஏன் கூட்டுறாங்கன்னு ஒரு நாள் யோசிச்சதில்ல." தட்டைத் தள்ளினாள். "என் பாடத்தை அங்கேயிருந்து எடுத்துடப் போறேன். அந்த நத்தையே முழுசா எழுதட்டும்."

எழுந்து போய்விட்டாள். சாதம் பாதி அப்படியே இருந்தது.

எனக்கு இதுவா வேணும்? ஒரு வரி கேட்டேன், அவ்ளோதானே. அத்தை எழுதாம போயிட்டா அது என்னாலதான். நான் மட்டும்தான் காரணம்.


செப்டம்பர் 18, வியாழன்

எடுக்க முடியாதாம்! பொதுப் பாடநூலின் ஒருங்கிணைப்பாளர் அத்தைக்குப் பதில் எழுதியிருக்கிறார். ஒருமுறை கொடுத்ததைத் திருப்பி வாங்க முடியாது, அது இப்போது எல்லோருடையது, நீங்கள் விலகினாலும் பாடம் உங்கள் பெயரோடு இருக்கும் என்று. "கல்யாணம் பண்ணிக் கொடுத்த மாதிரி இருக்கே" என்றாள் அம்மா. அத்தை சிரிக்கவில்லை.

பாடம் இருந்து என்ன, அத்தை அல்லவா வேண்டும். கடையில் உட்கார்ந்து எழுதினேன். எழுதி எழுதி அழித்துக் கடைசியில் இது:

"சுவர் கதை வாசல் மட்டும்தான். வாசலை வைத்துக்கொண்டு என்ன செய்வது? உள்ளே இருக்கும் வீடு உங்களுடையது. தயவுசெய்து போகாதீர்கள்."


செப்டம்பர் 19, வெள்ளி

அத்தை பதில் போட்டிருக்கிறாள்! "மதிப்பிற்குரிய ஐயா" என்று ஆரம்பம்!! நத்தை என்பவர் ஓய்வு பெற்ற தலைமை ஆசிரியராகத்தான் இருக்க வேண்டுமாம். 'எங்களுக்குப் புரியவில்லை' என்று எழுதியது பிள்ளைகளின் சார்பாகவாம். "இவ்வளவு பொறுமை நம்ம வயசுல வராது அண்ணா" என்கிறாள்.

கொசுவிடம் சொன்னேன். விக்கல் எடுக்கும்வரை சிரித்தாள். நாளெல்லாம் என்னை "ஐயா, தண்ணி குடிக்கப் போலாமா ஐயா?" என்றே கூப்பிட்டாள்.


செப்டம்பர் 30, செவ்வாய்

பல நாள் எழுதவில்லை. சந்தோஷத்தில் நேரமே இல்லை.

தினமும் சாயங்காலம் நானும் அத்தையும் பாடம் எழுதுகிறோம். அவள் ஆசிரியர் அறையில், நான் கடையில். அவள் ஒரு பத்தி போடுவாள், நான் "இங்கே கால் தடுக்குகிறது" என்பேன். "சரி ஐயா" என்று மாற்றுவாள். சில இடத்தில் "இல்லை ஐயா, இது இப்படித்தான் இருக்க வேண்டும்" என்று பிடிவாதம் பிடிப்பாள். ஏன் என்றும் சொல்வாள். அப்போது அத்தை எவ்வளவு அழகாக யோசிக்கிறாள்! வீட்டில் பக்கத்துக் கட்டிலில் கிடக்கிறவளை நான் இவ்வளவு நாள் பார்க்கவே இல்லை.

ஆனால் இன்று வகுப்பில் நடந்தது குத்துகிறது. "புரிஞ்சுதா?" என்று கேட்டாள். வழக்கமான சத்தம் எழுந்தது. அத்தை எங்களையே பார்த்துக்கொண்டு நின்றாள். "உண்மையாவா?" என்றாள். எல்லோரும் நோட்டில் குனிந்துகொண்டோம்.

"எங்கயோ இருக்கிற ஒரு பெரியவர் புரியலன்னு தைரியமா எழுதுறார். உங்கள்ல ஒருத்தருக்கும் வாயில்லையா?"

கொசு என் தொடையைக் கிள்ளினாள். நான் தலையை உள்ளே இழுத்துக்கொண்டேன்.


அக்டோபர் 7, செவ்வாய்

பாடம் ஏற்கப்பட்டது! அத்தைக்கும் எனக்கும் சேர்த்து ஒருங்கிணைப்பாளர் நேற்றே எழுதிவிட்டார். சுவரின் படம் ஒன்று கிடைத்தால் நன்றாக இருக்குமாம். பெயர் எப்படிப் போடட்டும் என்றும் கேட்டார். புனைபெயரே போதும் என்றேன். நத்தை நத்தையாகவே இருக்கட்டும்.

இன்று காலையில் அத்தை குளிக்கப் போனதும் அப்பாவின் போனில் மூலையைப் படம் எடுத்தேன். இரண்டு நீலமும் பளிச்சென்று விழுந்திருக்கிறது. அனுப்பியாயிற்று.


அக்டோபர் 16, வியாழன்

முட்டாள். முட்டாள். முட்டாள்.

எங்கள் பள்ளிக்கான பிரதிகளை அப்பாவின் கடையிலேயே அச்சடிக்கக் கொடுத்திருக்கிறாள் அத்தை. அப்பாவுக்குத் தலைகால் புரியவில்லை. "மாஸ்டர், புத்தகத்தைக் காப்பி எடுக்கலாமான்னு இத்தனை வருஷம் எல்லாரும் ரகசியமா வந்து கேட்பாங்க. என்னைக் காப்பி எடுன்னு புத்தகமே சொல்றதை இப்பத்தான் பார்க்கிறேன்" என்று டீக்கடைக்காரர் வரைக்கும் போய்ச் சொல்லிவிட்டு வந்தார்.

ஒருங்கிணைப்பாளர் கடைசியாகப் படம் சேர்த்து நேராகக் கடைக்கு அனுப்பிய பக்கம் மட்டும் கலர்; அத்தை அதை இன்னும் பார்க்கவில்லை. முதல் தாள் சூடாக வெளியே வந்தது. அப்பா எடுத்துப் பார்த்தார். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தார்.

"ஏய்... இது நம்ம சுவரு."

அப்போதுதான் நானும் பார்த்தேன். மூலை ஆணியில் அத்தையின் குடை தொங்குகிறது. கைப்பிடி உடைந்து, அவளே சிவப்பு ரிப்பனால் சுற்றிய குடை. உலகத்தில் அந்த மாதிரி இன்னொரு குடை கிடையாது. நிறத்தையே பார்த்துப் பார்த்து, குடையை நான் பார்க்கவே இல்லை.

அப்பா தாளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மூலைக் கம்ப்யூட்டரைப் பார்த்தார்.

"நத்தை?"

தலையாட்டினேன். அழுகை வந்துவிட்டது. திட்டப்போகிறார் என்று நினைத்தேன். அவர் என்ன செய்தார் தெரியுமா? அந்தத் தாளை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார். "அப்போ, நான் பண்ணின தப்பு பாடப் புத்தகத்துல வந்துடுச்சா? அத்தனை ஊர்ப் பிள்ளைங்களும் படிக்குமா?"

யாரிடமும் சொல்லக் கூடாது என்று சத்தியம் வாங்கியிருக்கிறேன். அப்பாவிடம் ரகசியம் சொல்வதும் ஓட்டை வாளியில் தண்ணீர் பிடிப்பதும் ஒன்று. சாப்பிடும்போது அத்தையைப் பார்த்துப் பார்த்துச் சிரித்தார். "என்னண்ணா, என் மூஞ்சில என்ன?" என்றாள் அவள்.

நாளைக்கு வகுப்பில் பிரித்துக் கொடுப்பாள். நாளைக்குத் திறப்பாள். அவளை ஐயா ஐயா என்று சொல்லவைத்து வேடிக்கை பார்த்தவள் நான். பேசுவாளா என்னோடு?




அக்டோபர் 17, வெள்ளி

நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன்.

அத்தை பிரதிகளை எல்லோருக்கும் கொடுத்த பிறகு தனக்கு ஒன்று எடுத்துத் திறந்தாள். படத்தில் நின்றாள். வகுப்பு சலசலத்துக்கொண்டே இருந்தது, அவள் அசையவில்லை. மெதுவாகத் திரும்பி, கதவோரம் மாட்டியிருந்த குடையைப் பார்த்தாள். மறுபடி பக்கத்தைப் பார்த்தாள்.

என்னைப் பார்ப்பாள் என்று காத்திருந்தேன். பார்க்கவில்லை. பாடத்தைத் தொடங்கினாள்.  சுவர் முடிந்து, ஜூஸ் முடிந்து, அவளுடைய பயிற்சிக் கணக்குகளுக்கு வந்தாள். முடித்துவிட்டுத் தூளைத் தட்டினாள்.

"புரிஞ்சுதா?"

"புரிஞ்சுது டீச்சர்!"

"யாருக்காவது புரியலையா?"

ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு கேட்டாள். யாரையும் பார்க்காமல். அது எனக்கான கேள்வி என்று எனக்குத் தெரிந்தது. எனக்கு ஏழாவது கணக்கு நிஜமாகவே புரியவில்லை. சிமெண்ட், மணல், ஜல்லி மூன்றும் சேர்ந்து வருகிற கணக்கு. அதை நத்தையாக இருந்தபோது கேட்க மறந்துவிட்டேன். இனிமேல் நத்தையாகக் கேட்க முடியாது.

கை மேலே போனது. நான் தூக்கின மாதிரியே இல்லை.

"எனக்கு ஏழாவது கணக்கு புரியல அத்தை."

அத்தை!! மறுபடியும்!!

வகுப்பு வெடித்தது. கண்ணை மூடிக்கொண்டேன். சிரிப்புக்கு நடுவில் அவள் குரல் கேட்டது. எனக்கு முதன்முதலாக எழுதிய அதே கேள்வி.

"எந்த வரியில புரியாம போகுது?"

கண்ணைத் திறந்தேன். அத்தை இப்போது என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். உதட்டைக் கடித்து எதையோ அடக்கிக்கொண்டிருந்தாள். கோபம் இல்லை. சிரிப்பு.

"ரெண்டாவது வரி" என்றேன்.

"எனக்கும் டீச்சர்!" என்று கொசு எழுந்தாள். "எனக்கு முதல் வரியே டீச்சர்." பின்வரிசையில் ஒரு கை. நடுவில் ஒரு கை. என்னை வருடம் முழுக்க அத்தை அத்தை என்று கேலி செய்த நெட்டையன் கையும் மேலே இருந்தது. "எனக்கும் புரியல... அத்தை" என்றான் வேண்டுமென்றே. மறுபடி சிரிப்பு. இந்த முறை நானும் சிரித்தேன்.

அத்தை சாக்பீஸை எடுத்தாள். "அப்பாடா" என்றாள். "இப்பத்தான் வகுப்பு மாதிரி இருக்கு."

இன்று கடைக்குப் போகவில்லை, அத்தையோடு வீட்டுக்கு நடந்தேன். வீட்டு வாசலில் குடையை மடக்கிக்கொண்டே சொன்னாள்: "உள்ள வாங்க ஐயா."


நவம்பர் 3, திங்கள்

பொதுப் பாடநூலில் என் பத்தியின் கீழே ஒரு புதுக் குறிப்பு. பெயர் 'ஆமை'. எந்த ஊரோ, எந்தப் பள்ளியோ. "இந்தச் சுவர் கதை எங்களுக்குப் புரியவில்லை. நீல டப்பாவும் வெள்ளை டப்பாவும் ஒரே அளவா என்று எங்கும் சொல்லவில்லையே?"

சாப்பிடும்போது அப்பாவின் போனைத் தூக்கிப் பிடித்தேன். "பார்த்தீங்களா? யாரோ ஆமையாம்! அவ்வளவு தெளிவா எழுதியிருக்கேன்..."

மூன்று பேரும் என்னையே பார்த்தார்கள். முதலில் அம்மாதான் சிரிக்க ஆரம்பித்தாள். பிறகு யாராலும் நிறுத்த முடியவில்லை.

சிரித்து முடித்ததும் அப்பாவிடம் கேட்டேன். "அப்பா, ரெண்டு டப்பாவும் ஒரே அளவுதானே?"

அப்பா சோற்றுக் கையோடு யோசித்தார். "இல்லையே... நீலம் சின்ன டப்பாவாச்சே."

அத்தை தலையில் கை வைத்துக்கொண்டாள்.

ஆமை சொன்னது சரி. நாளைக்குத் திருத்த வேண்டும். அதற்கு முன்னால் ஆமைக்கு நன்றி சொல்லி, வேறு எந்த வரியில் கால் தடுக்கியது என்று கேட்டு எழுதிவிட்டேன். 'மதிப்பிற்குரிய' என்று ஆரம்பித்தேன். யாராக இருந்தாலும் எழுத எவ்வளவு பயந்திருக்கும் என்று எனக்குத் தெரியும்.

டார்ச் மேஜையில் கிடக்கிறது. அத்தை படுக்கும்போது விளக்கை அணைக்கவில்லை. "எழுதி முடிச்சுட்டு அணைச்சுடு" என்று சொல்லிவிட்டு அடர்ந்த நீலச் சுவர் பக்கமாகத் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.